வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடுக்குத் தேனீப் பெட்டியைத் தயார் செய்வது (வடசென்னை மாடி, தோட்டம்)

பெரம்பூர்_மாடி

வணக்கம். மொட்டை மாடியில் இரண்டு நியூட்டன் பெட்டி (சிறிய வகை மரத் தேன்பெட்டி), இரண்டிலும் அடுக்குத் தேனீ (நம்ம நாட்டு வளர்ப்புத் தேனீ). ஒன்றில் 6 சட்டம் (ஈ அடை கட்டும் மரச்சட்டம்) நிறைய ஈ, இன்னொன்றில் 3 சட்டம்தான். செப்டம்பர் பிறந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்களின் குளிர்கால வழிகாட்டிகளில் பெட்டிக்கு 30 கிலோ தேன் விடு, தெர்மாகோல் சுற்று, எலி நுழையாமல் வாசலில் தகடு அடி என்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கத்து வழிகாட்டியோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சர்க்கரை கொடு, பிறகு நிறுத்து என்கிறது. நம்ம ஊருக்கு எது சரி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புழல்_ஏரிக்கரை

இரண்டுமே வேறு ஊருக்கு எழுதியது, அதனால்தான் குழப்பம்.

குளிர்நாட்டில் வெளி வெப்பம் சுமார் 14 டிகிரிக்குக் கீழே போனால் இத்தாலியத் தேனீ பந்து போலத் திரண்டு, சிறகுத் தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் வெளியே வராது. அந்தச் சூட்டுக்கான எரிபொருள்தான் அந்த 30 கிலோ தேன். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலேயே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இங்கே ஈ திரள வேண்டிய தேவையே கிடையாது. தெர்மாகோல் சுற்றினால் உள்ளே ஈரம்தான் தங்கும்.

குமரி மாவட்டத்தில் ஜனவரி தொடங்கி ரப்பர் துளிர்க்கும்போது தேன் வரத்து, தென்மேற்குப் பருவமழையில் பஞ்சம். அதனால் அவர்கள் ஆடி மழைக்குத் தயாராகிறார்கள். நமக்கு ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. மழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் பிடிக்கும், நவம்பர்தான் உச்சம்.

அந்த நாட்களிலும் இங்கே பூ இருக்கிறது. ரயில்வே சுவரெல்லாம் கொடிரோஸ், வீட்டுக்கு வீடு முருங்கை, தென்னை, காலி மனையில் வெட்டுக்காயப் பூண்டு. ஆனால் ஈக்குப் பறக்க நேரம் கிடைக்காது, மழை பூவிலுள்ள மதுவையும் கழுவிவிடும். தொடர்ந்து நாலு நாள் பெய்தால் இருப்பில்லாத கூட்டம் பட்டினிதான். அடுக்குத் தேனீ பட்டினி கிடந்து சாகாது, அதற்கு முன்பே பெட்டியைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடும். நம்ம வேலை முழுவதும் அந்த ஓட்டத்தைத் தடுப்பதற்குத்தான்: பசி, ஈரம், எறும்பு, மெழுகுப் புழு (அடையைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு). இந்த நான்கையும் அக்டோபர் 15க்குள் முடித்துவிட வேண்டும்.

பெரம்பூர்_மாடி

நன்றி அண்ணே. அப்படியானால் எவ்வளவு இருப்பு வேண்டும்? கிலோ கணக்கில் சொல்ல முடியுமா? பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கணிக்க எனக்குக் கை பழகவில்லை.

அடைமெழுகு

சட்டத்தை அளந்தே கணக்குப் போடலாம். நியூட்டன் பெட்டியில் ராணி முட்டையிடும் கீழ் அறைதான் புழு அறை. அதன் சட்டத்தின் உள்ளளவு ஏறக்குறைய 20.5 × 14.5 செ.மீ. அடையின் தடிமன் 2.2 செ.மீ. என்று வைத்தால் 650 மில்லி கொள்ளளவு. தேனின் அடர்த்தி 1.4. மெழுகுக்கும் ஓரத்து வெற்றிடத்துக்கும் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் மூடிய தேனுள்ள (ஈ மெழுகு மூடி போட்ட) ஒரு சட்டம் முக்கால் கிலோ.

6 சட்டக் கூட்டத்துக்கு இரண்டு சட்டத்துக்குச் சமமான மூடிய தேன், அதாவது ஒன்றரைக் கிலோ, என் கணக்கில் போதும். முழுச் சட்டமாக இருக்க வேண்டியதில்லை. புழு இருக்கும் சட்டங்களில் மேல் விளிம்பில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு வளைவாக மூடிய தேன் இருக்கும் அல்லவா, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடாத தேனை இருப்பில் சேர்க்காதீர்கள்.

பற்றாத அளவைச் சர்க்கரையால் ஈடுகட்டலாம். 2 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் பாகு வரும். அதில் 200 மில்லியில் 175 கிராம் சர்க்கரை இருக்கிறது. அரைச் சட்டத்தை நிரப்ப இரண்டு வேளை போதும் என்று தோன்றும். ஈ வேலைக்கே பாதியைத் தின்றுவிடும், நாலு வேளை ஆகும்.

கொடுங்கையூர்_தேன்

2:1 எல்லாம் அடுக்குத் தேனீக்கு எதற்கு? பயிற்சி வகுப்புகளில் சரிபாதிக் கரைசல்தானே சொல்லித்தருகிறார்கள். கெட்டியாகக் கொடுத்தால் ராணி முட்டையிட வேண்டிய அறைகளிலும் பாகை அடைத்துவிடும். அப்புறம் மழையில் கிழட்டு ஈ மட்டும்தான் மிஞ்சும்.

அடைமெழுகு

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. இரண்டு கரைசலுக்கும் வேறு வேறு காலம், அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து பணித் தேனீ வெளிவர சுமார் 20 நாள். வந்ததும் வெளியே போகாது. புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று இன்னும் இரண்டரை வாரம் உள்வேலை பார்க்கும். செப்டம்பர் 10ல் இட்ட முட்டை அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் பூவுக்குப் போகும். நவம்பரில் மழைவிட்ட ஒரு மணி நேரத்தில் ஓடிப்போய் எடுத்துவரக் கால் வேண்டுமென்றால் முட்டை செப்டம்பரிலேயே விழ வேண்டும். அதற்குத்தான் சரிபாதிக் கரைசல், வெளியே மது வருகிறது என்று ராணியை நம்பவைக்க. செப்டம்பர் முதல் 15 நாள், வாரம் இருமுறை, 200 மில்லி.

செப்டம்பர் 20க்கு மேல் 2:1. ஒன்றுவிட்டு ஒரு நாள், 200 மில்லி, அக்டோபர் 10 வரை. ஒவ்வொரு வாரமும் நடுச்சட்டம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அகலமாவது முட்டையும் புழுவும் இருக்க வேண்டும். அங்கேயும் பாகு மினுமினுத்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

மழை பிடித்த பிறகு திரவமாக எதுவும் கொடுக்கக் கூடாது, அதற்கும் காரணம் இருக்கிறது. பாகின் நீரைச் சிறகால் விசிறி வற்றவைத்த பிறகுதான் ஈ மூடி போடும். வெளிக்காற்றே நனைந்து கிடக்கும்போது வற்றாது, அறையிலேயே புளித்துவிடும். புளித்ததைத் தின்றால் ஈக்கு வயிற்றுப்போக்கு, வாசல் பலகையில் பழுப்புக் கோடுகள் தெரியும்.

மணலி_முருங்கை

பாகு காய்ச்சும் முறையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு சர்க்கரையைப் போட்டுக் கலக்கவும். சர்க்கரை போட்டு மறுபடி கொதிக்கவிட்டால் அடியில் கருகும், அந்தக் கருகல் ஈயின் குடலுக்கு ஆகாது. வெள்ளைச் சர்க்கரை மட்டும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். மனுஷனுக்கு நல்லது ஈக்கும் நல்லது என்று நினைத்துப் போடுகிறார்கள், அதிலுள்ள தாதுவும் கசடும் ஈக்குச் செரிக்காது. கடைத் தேனை வாங்கி ஊற்றுவது இன்னும் மோசம், எந்தக் கூட்டத்து நோய் அதில் வருகிறதோ.

வைக்கும் பாத்திரம்: கொட்டாங்குச்சியே போதும். நாலைந்து ஈர்க்குச்சி மிதக்கவிடுங்கள், இல்லையென்றால் முங்கிச் சாகும். புழு அறைக்கு மேலுள்ள காலியான தேன் அறைக்குள், உள்மூடிக்குக் கீழே வைக்கவும். மாடியில் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் முறை வேண்டாம். பகல் சூட்டில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து பாகைக் கீழே தள்ளிவிடும். ஒழுகினால் முதலில் எறும்பு, அடுத்தது பக்கத்துக் கூட்டத்தின் கொள்ளை.

கொடுப்பது பொழுது சாய்ந்த பிறகு. காலையில் மிச்சமிருந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே மாலையில் கொடுங்கள்.

இன்னொன்று. பாகு கொடுக்கும் காலத்தில் தேன் அறையில் சட்டம் இருந்தால் அதிலும் சேரும். அதைப் பொங்கலுக்குப் பிழிந்து தேன் என்று விற்காதீர்கள், அது சர்க்கரை. சட்டத்தின் மேல்கட்டையில் பென்சிலால் குறி போட்டு வையுங்கள்.

கொடுங்கையூர்_தேன்

ஒத்துக்கொள்கிறேன், 2:1 விஷயத்தில். ஆனால் காலித் தேன் அறையை அக்டோபருக்குப் பிறகும் மேலே விட்டுவைக்கக் கூடாது. ஈ காவல் காக்காத இடம் முழுக்க மெழுகு அந்துப்பூச்சிக்குச் சொந்தம். பாகு வேலை முடிந்ததும் அறையை இறக்கி, உள்மூடியை நேரே புழு அறை மேல் வையுங்கள். இறக்கிய சட்டங்களை பாலித்தீன் பையில் கட்டி, பிரிட்ஜ் ஃப்ரீசரில் 48 மணி நேரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். பிறகு பையைப் பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் வைக்கலாம். நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், மெழுகு அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

கீழேயும் அப்படித்தான். அடுக்குத் தேனீ பழைய கருத்த அடையைக் கடித்துக் கடித்துத் துப்பும். அந்த மெழுகுத் தூள் அடிப்பலகையில் சேர்ந்தால் பூச்சி அதில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டி, வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி வையுங்கள். ஈ உட்காராத சட்டம் எதையும் உள்ளே விடாதீர்கள். 3 சட்டக் கூட்டமென்றால் மூன்றே சட்டம், நாலாவது இடத்தில் தடுப்புப் பலகை.

திருவொற்றியூர்_வாடை

பெட்டியில் தண்ணீர் இறங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இத்தாலியத் தேனீ மரப்பிசின் சேகரித்து வந்து பெட்டியின் இடுக்கையெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். அடுக்குத் தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது. புழு அறையும் அடிப்பலகையும் சேரும் இடத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் கடல் காற்றோடு வரும் சாய்மழை உள்ளே போகும். அந்த இடுக்கை நாம்தான் அடைக்க வேண்டும்.

சாணமும் களிமண்ணும் சரிபாதி குழைத்து வெளிப்பக்கம் பூசலாம், காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாணத்துக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினாலும் போதும். மேல்மூடியின் காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஈ விடும் மூச்சின் ஈரம் வெளியேற அதுதான் வழி.

மேல்மூடிக்கு மேல் ஒரு சாக்கு, அதற்கு மேல் தகரம். முன்னால் 4 அங்குலம், மற்றப் பக்கம் 2 அங்குலம் நீட்டியிருக்கட்டும். சாக்கு எதற்கென்றால் வெயிலில் தகரத்தின் சூடு நேரே மூடிக்கு இறங்காமல் இருக்க. பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் பெட்டி முழுக்கப் போர்த்திக் கட்டுகிறார்கள், அது கூடாது, இரண்டே நாளில் உள்சுவரில் பூஞ்சை பூக்கும். ரப்பர் மரப் பெட்டியென்றால் இன்னும் சீக்கிரம். வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட், உள்ளே ஒன்றும் அடிக்கக் கூடாது.

பெட்டியின் பின்கால் இரண்டுக்கும் அடியில் அரை அங்குலத் துண்டு வையுங்கள். உள்ளே வந்த தண்ணீர் வாசல் வழியாக வடிந்துவிடும்.

வாசல் திசை முக்கியம். காலை வெயில் விழட்டும் என்று பலரும் கிழக்கே பார்த்து வைத்திருப்பார்கள். பருவமழைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், சாரல் நேரே வாசலுக்குள் போகும். தென்கிழக்குப் பார்த்துத் திருப்புங்கள், ஒரே நாளில் வேண்டாம், தினம் ஒரு கைப்பிடி அளவு. ஈ வழியை நினைவில் வைத்துத்தான் திரும்பி வரும்.

பெரம்பூர்_மாடி

எறும்புக்கு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். மழையில் நிரம்பினால் பரவாயில்லையா? மாநகராட்சியில் கொசுப் பணியாளர்கள் வந்து பார்த்தால் திட்டுவார்கள் என்றும் பயம்.

மணலி_முருங்கை

திட்டுவது நியாயம்தான், டெங்குக் கொசு வளர அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் போதும். சிலர் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவார்கள். வெயில் காலத்தில் சரி. மழைநீர் ஆயிலுக்கு அடியில் போய் உட்காரும், ஆயில் மேலெழுந்து வழிந்து மாடியெல்லாம் பரவும், இரண்டு மழையில் கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியை வெட்டி, கவிழ்த்து, மணி மாதிரி மாட்டி, மேல் விளிம்பை டேப் போட்டு ஒட்டுங்கள். அந்த மணிக்கு உள்ளே, காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். மழை கிரீஸ் மேல் படாது, தூசியும் ஒட்டாது, மாதம் ஒருமுறை தடவினால் போதும். பெட்டி சுவரையோ கொடிக்கயிற்றையோ முருங்கைக் கிளையையோ தொடக் கூடாது. எறும்புக்கு ஒரு இலை பாலம் போதும்.

புழல்_ஏரிக்கரை

கொசு என்றதும் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் தெருவில் கொசுப் புகை அடிப்பார்கள். அந்த வகை மருந்து கொசுவைக் கொல்வது போலவே ஈயையும் கொல்லும். பெரும்பாலும் மாலையில்தான் வருவார்கள், ஈ உள்ளே வந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலைக் கொசுவலைத் துண்டால் அடைத்து, அதன் மேல் ஈரத்துணியைத் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுங்கள், வலையைக் காலை 6 மணிக்குள் அகற்றிவிடுங்கள். பகலில் அடிக்கவந்தால் மாடியைத் தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள், சொன்னால் கேட்கிறார்கள்.

இப்போது 3 சட்டக் கூட்டத்துக்கு வருவோம். அது தனியாக இந்த மழையைத் தாண்டாது.

கொடுங்கையூர்_தேன்

ஏன் தாண்டாது? பலமான பெட்டியிலிருந்து மூடிய புழுச் சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பத்து நாளில் தேறிவிடும்.

புழல்_ஏரிக்கரை

செப்டம்பர் முதல் வாரமென்றால் சரி. எடுக்கும் சட்டத்தில் ஈயை உதறிவிட்டு, ராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் மூன்று சட்ட ஈயால் நான்காவது சட்டத்துப் புழுவுக்கும் சூடு காக்க முடியுமா என்று பாருங்கள். ஓரத்துப் புழு குளிர்ந்து செத்தால் கொடுத்ததும் போச்சு, கொடுத்த பெட்டியும் இளைத்தது. செப்டம்பர் 25க்குள் ஈ நாலு சட்டத்தை மூடி நிற்கவில்லையென்றால் இணைத்துவிடுவது என்று நான் சொல்வேன்.

முதலில் நலிந்த கூட்டம் ஏன் நலிந்தது என்று பார்க்க வேண்டும். புழு அறைகளைக் கவனியுங்கள். மூடும் பருவத்துப் புழு தலையை மேலே தூக்கியபடி செத்து, படகு மாதிரி வளைந்து கிடக்கிறதா? ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை போல முழுதாக வருகிறதா? அப்படியானால் அது தாய் சாக்புரூட் வைரஸ். 1991, 92ல் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது அதுதான். மருந்து கிடையாது. அந்தக் கூட்டத்தை எதனோடும் இணைக்காதீர்கள், சட்டம் மாற்றாதீர்கள், அதைத் தொட்ட கத்தியையும் கையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். ராணியைக் கூண்டில் அடைத்து, இரண்டு மூன்று வாரம் புழுவே இல்லாமல் செய்து, பழைய புழு அடைகளை எரித்துவிட்டுப் பார்க்கலாம். சில கூட்டம் தேறும்.

நோய் இல்லையென்றால் இணைப்பு இப்படி: இரண்டு பெட்டியையும் தினம் இரண்டு அடி வீதம் நெருக்கிக்கொண்டு வாருங்கள். இணைப்புக்கு முதல் நாள் நலிந்த கூட்டத்து ராணியை எடுத்துவிடுங்கள். மறுநாள் இருட்டும் நேரத்தில் பலமான பெட்டியின் உள்மூடியை அகற்றி, ஒற்றைத் தாள் செய்தித்தாளைப் பரப்பி, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளையிட்டு, கொஞ்சம் பாகு தெளியுங்கள். அதன் மேல் நலிந்த கூட்டத்தின் புழு அறையை வைத்து மூடுங்கள். ஈ தாளைக் கடித்துத் திறப்பதற்குள் வாடை கலந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாசலில் தாள் துணுக்கு விழும். பிறகு நல்ல சட்டங்களைக் கீழே இறக்கி, மேல் அறையை எடுத்துவிடலாம். மழை விட்டதும் தை மாதத்தில் மறுபடி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்_மாடி

புழுக்களைப் பார்த்தேன், முத்து மாதிரி வெள்ளையாகச் சுருண்டு இருக்கின்றன. இணைத்துவிடுகிறேன். ஓடப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

அடைமெழுகு

உண்டு. மகரந்தம் கொண்டுவருவதை நிறுத்தும். முட்டை இருக்காது, மூடிய புழு மட்டும் மிஞ்சும். இருந்த தேனையெல்லாம் குடித்துவிடும், மேல் வளைவு வெறிச்சென்று கிடக்கும். கடைசிப் புழு வெளிவந்த மறுநாள், வெயில் அடித்தால், மொத்தமாகக் கிளம்பிவிடும். முட்டை இல்லாததைப் பார்த்த அன்றே உங்களுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசம்தான்.

ராணி தாண்ட முடியாத வாயில் தகட்டை மாட்டலாம், ராணி போகாமல் கூட்டம் போகாது. ஆனால் 10 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆண் ஈயும் வெளியேற முடியாமல் அடைத்து நிற்கும், பணித் தேனீயின் காலிலுள்ள மகரந்த உருண்டையும் உரசி விழும். புதிதாகப் பிறந்த கன்னி ராணி உள்ள கூட்டத்தில் மாட்டவே கூடாது, அது வெளியே பறந்துதான் இணை சேரும். தகடு நேரம் வாங்கித்தரும், அந்த நேரத்தில் பசியா எறும்பா மெழுகுப் புழுவா என்று காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் பயனில்லை.

திருவொற்றியூர்_வாடை

புயல் அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியது. தரையில் பெட்டி வைத்திருப்பவர்கள் மணலி புதுநகரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கம் கேட்டு அதற்கு மேலே வையுங்கள். வழக்கமான இரண்டடி ஸ்டாண்ட் அங்கெல்லாம் போதாது. மாடியில் இருப்பவர்களுக்குக் காற்றுதான் எதிரி. மேலே செங்கல் வைத்தால் மட்டும் போதாது, அந்தச் செங்கல்லே பறக்கும். அடிப்பலகை முதல் மேல்மூடி வரை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். ஸ்டாண்டைக் கைப்பிடிச் சுவரோடு கட்டுங்கள்.

கடும்புயலென்றால் முதல் நாள் இரவே வாசலில் வலை அடித்து, மாடிப்படிக்கு அடியில் இறக்கிவிடலாம். ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். காற்று நின்றதும் அதே இடத்தில், அதே திசையில் வைத்துத் திறங்கள்.

மணலி_முருங்கை

மழை பிடித்த பிறகு இருப்பு தீர்ந்தால் கொடுக்க சர்க்கரை மாவு உருண்டை. வீட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து, அதே கூட்டத்துத் தேன் சொட்டுச் சொட்டாக விட்டு, சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையவும். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், வாங்காதீர்கள். 100 கிராம் உருண்டையைத் தட்டி, சட்டங்களின் மேல்கட்டை மீது, ஈ அடர்ந்த இடத்தில் வையுங்கள். பெட்டியின் ஈரத்தில் அது மெல்ல இளகும், ஈ நக்கித் தின்னும்.

மகரந்தத்துக்கு ஈடாகப் பொட்டுக்கடலை மாவு பிசைந்து கொடுப்பவர்களும் உண்டு. மழையில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும், எலுமிச்சை அளவுக்கு மேல் வைக்காதீர்கள். முருங்கையும் தென்னையும் பக்கத்தில் இருந்தால் அது தேவையே படாது.

பெரம்பூர்_மாடி

மழை நடுவே பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

அடைமெழுகு

தூறலில் திறக்காதீர்கள். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில், 11 மணியிலிருந்து 2 மணிக்குள், உள்மூடியை மட்டும் தூக்கி, மேல் வளைவில் தேன் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தை உருவ வேண்டாம். மற்ற நாட்களில் வாசலைப் பார்த்தாலே தெரியும்: மழை விட்டதும் காலில் மஞ்சள் உருண்டையோடு நாலு ஈ இறங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாசலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறைத்து வையுங்கள், குளவி வரும் பருவம்.

பெரம்பூர்_மாடி

வாசலைக் குறைக்க மரத்துண்டு போதுமா, அல்லது தகரம்தான் வேண்டுமா?

மணலி_முருங்கை

மரத்துண்டே போதும். ஆனால் திறப்பின் உயரம் கால் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், மழையில் மரம் ஊறிப் பருக்கும், வாரம் ஒருமுறை ஈ தாராளமாகப் போய்வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.